இறந்தபின் இந்த உடல் எங்கே போகிறது: ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கொடைச் சேவை பற்றிய மதிப்புரை

இறந்த பிறகு உயிர் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு சமயமும் தனக்குரிய விடையை வைத்திருக்கிறது. அவற்றை எடைபோட இங்கே முயலவில்லை. உடல் என்ன ஆகிறது என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை தரும் இடங்கள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. மயானமும் எரிவாயு தகனமேடையும் எல்லோரும் அறிந்தவை. மாணவர்களுக்கு மனித உடலின் அமைப்பைக் கற்பிக்கும் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறை அந்த வரிசையில் பலரும் அறியாத ஒன்று. என் பெரியப்பா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், தம் உடலை எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப் பதிவு செய்திருந்தார். அவர் காலமானபோது அதை நிறைவேற்றும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம் வந்தது. அதன்பின் நானும் அங்கேயே பதிவு செய்துகொண்டேன். இந்தச் சேவையை நாடுவோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது, எங்கே தடை வரும் என்பதை விளக்கமாகச் சொல்வோர் குறைவு. ஆகவே இதை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பதிவு எளிது. கட்டணம் கிடையாது. துறை அலுவலகத்தில் படிவம் கொடுக்கிறார்கள். புகைப்படம், ஆதார் நகல், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து ஆகியவற்றோடு திருப்பித் தந்தால் ஒரு படியில் முத்திரையிட்டு நம்மிடம் கொடுத்து, கூடவே ஓர் அடையாள அட்டையும் தருகிறார்கள். சாட்சிகளில் ஒருவராவது நெருங்கிய வாரிசாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். படிவத்தை வாங்கிய அலுவலர் என்னிடம் முதலில் கேட்டது, "வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டீர்களா?" என்பதுதான். அந்தத் துறையில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கேள்வி அது. ஏனென்றால் இந்தப் பதிவு ஒரு விருப்ப அறிவிப்பு மட்டுமே. இறந்த அன்று மனைவியோ கணவரோ பிள்ளைகளோ ஒப்புதல் எழுதிக் கொடுக்காவிட்டால் கல்லூரி உடலை வாங்காது. யாரையும் கட்டாயப்படுத்தவும் செய்யாது. மறுபக்கம், பதிவே செய்யாதவரின் உடலையும் வாரிசுகள் எல்லாரும் மனமொப்பினால் கொடுக்கலாம். ஆக, படிவத்தில் இடும் கையெழுத்தைவிட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சுக்குத்தான் அன்றைக்கு மதிப்பு. பெரியப்பா இதை நன்றாக உணர்ந்திருந்தார். மகன், மகள், மருமகன் எல்லாரையும் வைத்துக்கொண்டு, பெரியம்மா அழுதபோதும் பேச்சை நிறுத்தாமல், தம் விருப்பத்தைச் சொல்லி முடித்திருந்தார்.

பதிவின்போது சொல்லப்பட வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று அந்தப் படிவத்தில் இல்லை. எந்த உடல்களைக் கல்லூரி ஏற்காது என்ற பட்டியல் அதில் அச்சாகவில்லை. நான் கேட்ட பிறகே வாய்மொழியாகச் சொன்னார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி போன்ற தொற்றுகள், தீவிரமான காசநோய், உடல் முழுதும் பரவிய சீழ்த்தொற்று, அழுகத் தொடங்கிய உடல், மிகுந்த பருமன் ஆகியவை இருந்தால் ஏற்பதில்லை. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடலையும் ஏற்பதில்லை, ஏனெனில் உறுப்புகள் ஏற்கெனவே அறுக்கப்பட்டு, உடலைப் பதப்படுத்தும் மருந்தை ஏற்ற வேண்டிய இரத்தக் குழாய்களும் துண்டிக்கப்பட்டிருக்கும். இந்தக் கடைசி விதி வயதானவர்கள் உள்ள வீடுகளுக்கு மிகவும் முக்கியம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சில வாரம் படுக்கையில் கிடந்து இறக்கும் முதியவரின் சாவை நாம் இயற்கைச் சாவாகவே நினைப்போம். காவல்துறையின் கணக்கில் அது விபத்தாகப் பதிவாகிப் பரிசோதனைக்குப் போகக்கூடும். வாழ்நாளெல்லாம் விரும்பிப் பதிவு செய்தவரின் உடல் அந்த ஒரு காரணத்தால் திருப்பி அனுப்பப்படலாம். துக்க வீட்டில் வண்டி வந்து நிற்கும் நேரத்தில் இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. ஒரு தாளில் அச்சிட்டுப் படிவத்தோடு இணைப்பதில் துறைக்கு எந்தச் சிரமமும் இல்லை.

உறுப்புக் கொடையையும் உடற்கொடையையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள் என்பதால் இங்கே சுருக்கமாக ஒரு விளக்கம். இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்றவை பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரிடமிருந்து, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே பெறப்படுகின்றன. அப்படிக் கொடுத்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. உடற்கொடை இதயம் நின்று இறப்பு உறுதியான பிறகு நடப்பது. உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலைப் பொதுவாக உடற்கூறியல் துறைகள் ஏற்பதில்லை. கண்ணுக்கு மட்டும் விலக்கு உண்டு. கண்ணைக் கொடுத்துவிட்டு உடலையும் கொடுக்கலாம்.

பெரியப்பா வீட்டிலேயே, விடியும் முன் காலமானார். அட்டையில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது துறை அலுவலகத்தின் எண். அலுவலக நேரத்தில் மட்டுமே எடுக்க ஆள் இருக்கும். பிறகு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பேசி, அங்கிருந்து பணியில் இருந்த மருத்துவர் வழியாகத் துறையின் உதவிப் பேராசிரியர் ஒருவரைப் பிடித்தோம். அவர் பேசத் தொடங்கிய பிறகு எல்லாம் தெளிவாயிற்று. என்னென்ன சான்று வேண்டும், எத்தனை மணிக்குள் வர வேண்டும், அதுவரை உடலை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று பொறுமையாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். சாவு அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை என்பது மருத்துவமனைக்குத் தெரியாததன்று. இரவிலும் விடுமுறையிலும் ஒருவர் எடுக்கும் கைபேசி எண் ஒன்று அந்த அட்டையில் இருந்தே ஆக வேண்டும்.

நேரத்துக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. இதயம் நின்றதும் உயிர்வளி கிடைக்காத உயிரணுக்கள் தம் நொதிகளாலேயே சிதையத் தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் தசைகள் விறைக்கின்றன. குடலில் நம்மோடு வாழ்நாளெல்லாம் இருந்த நுண்ணுயிர்கள் தடுப்பார் இன்றிப் பெருகி, அங்கிருந்து அழுகலைத் தொடங்கிவைக்கின்றன. நம் ஊர் வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும். வாடகைக்குக் கிடைக்கும் குளிர்பதனப் பெட்டி அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஆகவே வெளியூரிலிருந்து வர வேண்டியவர்களுக்காக நாள்முழுதும் காத்திருக்கும் நம் வழக்கத்தை இதில் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் மனத்தாங்கல் வந்ததும் இந்த இடத்தில்தான்.

கண் வங்கியிலிருந்து முதலில் வந்தார்கள். கருவிழியை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அவர்கள் வரும்வரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைக்கவும், மின்விசிறியை நிறுத்தவும், தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்தவும் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, சிறிது இரத்தமும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, அரைமணிக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். முகத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அஞ்சிக்கொண்டிருந்த பெரியம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, தூங்குகிற முகமாகவே இருக்கிறது என்றார்.

அடுத்தது சான்று. வழக்கமாகப் பார்த்துவந்த மருத்துவர் வீட்டுக்கு வந்து, இயற்கையான மரணம் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தார். இது இல்லாமல் கல்லூரியில் ஒரு காகிதமும் நகராது. அதோடு இறந்தவரின் ஆதார், வாரிசுகளின் ஆதார், எல்லாரும் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம். சில கல்லூரிகள் உள்ளூர்க் காவல் நிலையத்தின் தடையில்லாச் சான்றும் கேட்கின்றன. உங்கள் கல்லூரியில் கேட்பார்களா என்று பதிவின்போதே விசாரித்துக்கொள்வது நல்லது. வண்டி துறையிடம் இல்லை. அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை இலவசமாகக் கொண்டுசெல்லும் அமரர் ஊர்தி 155377 என்ற எண்ணில் கிடைக்கிறது. வீட்டில் நேர்ந்த சாவு என்பதால் நாங்கள் தனியார் வண்டிக்குத்தான் பணம் கொடுத்தோம். உடலைக் கொடையாகப் பெறும் நிறுவனம் அதை எடுத்துச்செல்லும் வண்டியையும் அனுப்புவதே முறை என்று நினைக்கிறேன்.

சடங்குகளுக்குத் துறை எந்தத் தடையும் சொல்லவில்லை. நீர்மாலை எடுத்தார்கள், குளிப்பாட்டினார்கள், கோடி போட்டார்கள், பேரப்பிள்ளைகள் வாய்க்கரிசி போட்டார்கள். சங்கு ஊதித் தெருமுனை வரை தோளில் சுமந்துபோய் அங்கிருந்து வண்டியில் ஏற்றினார்கள். நகை, கயிறு எதுவும் உடலில் இல்லாமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டிருந்தார்கள். உடற்கொடை என்றால் காரியம் எதுவும் செய்யக்கூடாது போலும் என்று தயங்குவோருக்காக இதைச் சொல்கிறேன்.

கல்லூரியில் நடந்ததுதான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. துறைத் தலைவரும் உதவிப் பேராசிரியரும் வாசலில் நின்று உடலை வாங்கினார்கள். ஊழியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூக்கினார்கள். முதலாண்டு மாணவர்கள் இரு பக்கமும் வரிசையாக நின்றிருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. மாலை போட்டு, சற்று நேரம் நின்று, எங்களையும் நிற்க விட்டு, பிறகே உள்ளே கொண்டுசென்றார்கள். பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தை உடனே கையில் கொடுத்துவிட்டார்கள். இறப்பைப் பதிவு செய்யும்போது மயானச் சீட்டுக்குப் பதிலாக இதைத்தான் காட்ட வேண்டும். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. கடிதத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

அதன்பின் உடல் என்ன ஆகிறது என்பதைக் கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். துறைத் தலைவரே உட்காரவைத்து விளக்கினார். தொடையில் சிறு வெட்டு இட்டு, அங்குள்ள பெரிய தமனி வழியாகப் பதப்படுத்தும் திரவத்தைச் செலுத்துகிறார்கள். ஃபார்மலின், ஆல்கஹால், கிளிசரின், கிருமிநாசினி ஆகியவை கலந்த அந்தத் திரவம் ஏறக்குறைய பத்து லிட்டர் அளவுக்கு உடலெங்கும் பரவுகிறது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குவதால் திசு அழுகாமல் நிலைத்துவிடுகிறது, நுண்ணுயிர்களும் மடிகின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளும் 1893இல் இந்தத் தன்மையைக் கண்டறிந்து வெளியிட்டார். பிறகு சில வாரங்களோ மாதங்களோ உடல் தொட்டியில் ஊறுகிறது. தோல் கறுத்து இறுகும். நமக்குத் தெரிந்த முகச்சாயல் மெல்லக் குறைந்துவிடும். அவர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சற்று நிறுத்தி, மேலே சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லச் சொன்னேன்.

உடலை அறுத்துக் கற்கும் கூடமான டிசெக்‌ஷன் ஹாலில் ஒரு மேசையைச் சுற்றி ஒரு குழுவாக மாணவர்கள் ஓராண்டு முழுக்கக் கற்கிறார்கள். கை, கால், மார்பு, வயிறு, தலையும் கழுத்தும், மூளை என்று ஒவ்வொரு பகுதியாக, தோலிலிருந்து தொடங்கி அடுக்கடுக்காக உள்ளே போகிறார்கள். 2019 முதல் நடைமுறைக்கு வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், உயிரற்ற உடலை மரியாதையோடும் முறையோடும் கையாள்வதை ஒரு கற்றல் திறனாகவே வகுத்திருக்கிறது. முதல் வகுப்பன்று மாணவர்கள் அந்த உடலின்முன் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். பெயர் அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை, எண் மட்டுமே. கணினித் திரையில் உடலைத் திறந்து காட்டும் மேசைகள் வந்துவிட்ட பிறகும் இது எதற்கு என்று கேட்டேன். திரையில் இருப்பது எல்லாருக்கும் பொதுவான ஓர் உடல் என்றார் அவர். மணிக்கட்டுக்கு மேலே ஓடும் மெல்லிய தசைநார் ஒன்று சிலருக்கு இருக்கவே இருக்காது; கையின் பெரிய தமனி சிலருக்கு முழங்கைக்குக் கீழே பிரியாமல் மேலேயே பிரிந்துவிடும். இந்த வேறுபாடுகளைக் கண்ணால் கண்டவர் பிற்பாடு கத்தியைப் பிடிக்கும்போது கவனமாக இருப்பார். ஒல்லியான முதியவரின் உடல் கொழுப்புக் குறைவாக இருப்பதால் கற்பிக்க மிகவும் ஏற்றதாம். எழுபத்தெட்டு வயதில் என் உடம்பு யாருக்கு ஆகப்போகிறது என்று பெரியப்பா ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த விளக்கத்தை அவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இந்த மேசைகளில் கிடந்தவர்கள் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் உடலைக் கற்பித்தலுக்குக் கொடுத்த சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் இறந்த அதே 1832இல் வந்த உடற்கூறியல் சட்டம், ஏழை விடுதிகளில் உரிமை கோருவார் இன்றி இறந்தவர்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழிசெய்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836இல் மதுசூதன் குப்தா உடலை அறுத்துக் கற்பித்ததிலிருந்து இந்தியாவிலும் மருத்துவக் கல்வி அதே வழியில்தான் வளர்ந்தது. தெருவோரத்திலும் தர்ம ஆஸ்பத்திரியிலும் யாருமற்று இறந்தவர்கள், எவரும் ஒப்புதல் கேட்காமலே, தலைமுறை தலைமுறையாக நம் மருத்துவர்களை உருவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நம் நோயைத் தீர்த்த ஒவ்வொரு கையும் முதலில் அவர்களிடம்தான் கற்றது. அந்தக் கடனில் ஒரு பங்கை, கேட்கப்பட்டு, சம்மதித்துக் கொடுக்கக்கூடியவர்கள் ஏற்க வேண்டும் என்பதே நான் பதிவு செய்ததற்குக் காரணம். மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதிபாசு 2010இலும், பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி 2018இலும், மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரி 2024இலும் காலமானபோது அவர்கள் உடல்கள் மருத்துவக் கல்லூரிகளுக்கே சென்றன. ஞாநியின் உடலைப் பெற்றது சென்னை மருத்துவக் கல்லூரி. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் பெரியப்பா படிவம் வாங்கினார்.

நம் வழக்கத்தில் இல்லாத ஒன்று என்று உறவினர் ஒருவர் சொன்னார். இன்று நாம் எரிக்கும், புதைக்கும் முறைகளைத் தவிர வேறு வழக்கம் தமிழ் மண்ணில் இருந்ததே இல்லை என்பதுபோல அவர் பேசினார். ஆதிச்சநல்லூரிலும் கீழடியை அடுத்த கொந்தகையிலும் மண்ணுக்கடியில் முதுமக்கள் தாழிகள் வரிசையாக இருக்கின்றன. வழக்கங்கள் மாறியே வந்திருக்கின்றன. ஆனால் அவருடைய மற்றொரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "எலும்பாவது ஆற்றில் கரைக்க வேண்டாமா?" என்றார்.

இந்தச் சேவையின் பெருங்குறை அங்கேதான் இருக்கிறது. உடலை வாங்கும்வரை காட்டும் அக்கறை, கதவு மூடியதும் நின்றுவிடுகிறது. காடாற்றும் நாளில் பால் தெளிக்க இடமில்லை, கரைக்க அஸ்தி இல்லை. பதினாறாம் நாள் காரியத்தைப் படத்தின்முன் செய்து முடித்தோம். இது முன்பே தெரிந்ததுதான், அதற்காகக் கல்லூரியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் படிப்பு முடிந்தபின் எஞ்சியவற்றைக் கல்லூரியே தகனமோ அடக்கமோ செய்கிறது, சில எலும்புகளைப் பாடம் நடத்த வைத்துக்கொள்கிறது என்று சொன்னவர்கள், அது எப்போது நடக்கும், நடந்தால் குடும்பத்துக்குச் சொல்வார்களா என்று கேட்டபோது, அப்படி ஒரு நடைமுறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா இன்றும் நான் போகும்போதெல்லாம் கேட்கிறார்: "ஏப்பா, அவரை இன்னும் அங்கேயேதான் வெச்சிருக்காங்களா?" ஒரு வரிக் கடிதம் போதும், அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

செய்ய முடியாத காரியம் இது இல்லை. தைவானில் ஹுவாலியென் நகரிலுள்ள சு ச்சி பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் கொடையாளரின் வீட்டுக்கு முன்கூட்டியே சென்று அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். படிப்பு முடிந்ததும் திறந்த இடங்களையெல்லாம் தைத்து மூடி, குடும்பத்தோடு சேர்ந்து பெட்டியைச் சுமந்து தகனத்துக்கு அனுப்புகிறார்கள். தாய்லாந்தின் மருத்துவக் கல்லூரிகளில் அந்த உடல் ஆசிரியராக மதிக்கப்படுகிறது. ஆண்டின் இறுதியில் உறவினர் முன்னிலையில் தகனம் நடக்கிறது. இந்தியாவிலும் சில கல்லூரிகள் கொடையாளர் குடும்பங்களை ஆண்டுக்கொருமுறை அழைத்து நன்றி சொல்கின்றன. எங்கள் கல்லூரியில் வாசலில் வரிசையாக நின்ற அந்த மாணவர்களை ஒரு நாள் பெரியம்மாவின் முன்னால் நிற்கவைத்திருந்தாலே போதும், அவர் மனம் ஆறியிருக்கும். இதை எழுத்து மூலமாகத் துறைக்குக் கொடுத்திருக்கிறேன். படித்த துறைத் தலைவர் நியாயம்தான் என்றார். மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

இந்தக் குறைகளோடும் இந்தச் சேவையை நான் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் உடலைக் கையாள்வது என்ற அதன் தலையாய வேலையை அது உண்மையான மரியாதையோடு செய்கிறது. ஆனால் எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அஸ்தியும் நினைவிடமும் இல்லாமல் துணைவரால் தேற முடியாது என்று தோன்றினால் வேண்டாம். கண்ணை மட்டும் கொடுங்கள், அதுவே பெரிது. பதிவு செய்வோர் அட்டையை நம்பி மட்டும் இருந்துவிடாமல், மருத்துவமனை அவசரப் பிரிவின் எண்ணையும் கண் வங்கியின் எண்ணையும் அதன் பின்புறமே எழுதிவையுங்கள். ஒரு கல்லூரியில் இடமில்லை என்றாலும் அருகிலுள்ள இன்னொன்று ஏற்கலாம் என்பதால் அதன் எண்ணும் இருக்கட்டும். எந்தக் கல்லூரியும் ஏற்க முடியாத நிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்படி நேர்ந்தால் நகராட்சியின் எரிவாயு தகனமேடையில், யாருக்காகவும் காத்திருக்காமல், அன்றைக்கே முடித்துவிடும்படி என் மகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.